கோடு போடாத கடிதங்கள்

நவம்பர் 10, திங்கள்

விடியும்போதே தூறல். பின்பக்க அறையில் ஒழுகல், அதே மூலை. வாளி வைத்தாயிற்று.

செய்ய வேண்டியவை:
1. பி.பி. மாத்திரை, பதினைந்து நாளுக்கு.
2. ஓய்வூதியத்துக்கு உயிர்வாழ் சான்று.
3. முருகேசனுக்கு வாழ்க்கைக் குறிப்பு, ஒரு பக்கம்.

மூன்றாவதில்தான் நிற்கிறேன். முருகேசன் என் பழைய மாணவன். இப்போது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. பழைய மாணவர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்களாம். மூன்று தடவை வேண்டாம் என்றேன். நான் சொல்லும் ‘வேண்டாம்’ எதிரில் இருப்பவருக்குக் கேட்பதில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படி.

எழுதிப் பார்த்தது:
– தலைமை ஆசிரியர், பதினோரு வருஷம். (சரி.)
– சட்டமன்ற உறுப்பினர், ஒரே ஒரு தடவை. (சரி. கட்சியில் இரண்டு கோஷ்டி. என்னைக் கண்டு இரண்டு பேருக்கும் பயமில்லை. அதனால் சீட்டு. அந்த வருஷம் அலை வேறு.)
– பெருநகர் கிராமத்துப் பள்ளிக் கட்டிடம். (எனக்கு முன்பே அனுமதி ஆனது. நான் ரிப்பன் வெட்டினேன்.)
– மேல்நிலைத் தொட்டி, இரண்டு ஊர். (சரி.)
– சட்டசபையில் ஆற்றிய உரைகள். (காலியாக விட்டிருக்கிறேன். மேசை தட்டியதில் மட்டும் குறை வைத்ததில்லை.)

பதினோரு மணிக்கு முருகேசனே வந்தான். கூட ஒரு பெண்மணி. அறுபது வயது இருக்கும், கையில் மஞ்சப்பை. “சார், இவங்க கஸ்தூரியம்மா. பெருநகர்ல இட்லிக் கடை. உங்களால பயனடைஞ்சவங்க சார்புல இவங்கதான் பேசறாங்க.”

பெயர் உடனே பிடிபட்டது. முகம் பிறகுதான் ஞாபகம் வந்தது.

“ஐயா, என்னிய ஞாபகம் கீதுங்களா? அவரு செத்த வருசம் கைக்கொயந்தையத் தூக்கினு வந்தேனே. சத்துணவு வேலைக்கு லெட்டர் குடுத்தீங்களே.”

“வேலை கிடைக்கவில்லையே, அம்மா,” என்றேன்.

“அது உங்க தப்பா? நீங்க இன்னா அழகா எய்திக் குடுத்தீங்க! எங்கண்ணன் ஏகாம்பரம்தான் அமுக்கிட்டான். யூனியன் ஆபீசுல அவன் கையில குடுத்து, பெரியவங்ககிட்ட வைய்யின்னேன். நான் சொந்தக் கால்ல நின்னா அண்ணிக்குப் பொறுக்காது. பொண்டாட்டி பேச்சக் கேட்டுகினு லெட்டர ஒளிச்சிட்டான். நான் வுடலியே. அவன் தெருவுல போயி, ஊரே பாக்க மண்ண வாரித் தூத்திட்டு வந்தேன். அத்தோட சரி. அவன் மூஞ்சில முயிக்கல.”

முருகேசன் ரசித்துக் கேட்டான். “இதையே மேடையில சொல்லுங்கம்மா. நல்லா இருக்கும்.”

“அவன் இப்ப கை கால் வியிந்து மானாம்பதில பட்த்துனு கீறானாம். அவன் பொண்ணு ரெண்டு வாட்டி போன் பண்ணா. நான் போவல.”

நான் காபி குடிக்கச் சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நவம்பர் 11, செவ்வாய்

மழை இல்லை. பீரோவின் அடித்தட்டிலிருந்து கடிதப் பதிவேட்டை எடுத்தேன். நான்கு நோட்டு. நான் கொடுத்த ஒவ்வொரு சிபாரிசுக் கடிதத்துக்கும் வரிசை எண், பெயர், ஊர், எதற்கு. கடைசிக் கட்டம் தலைப்பில்லாமல் விட்டது. அதில் சிலதற்கு மட்டும் ஒரு டிக்.

அது என்ன என்பதை இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. இங்கே எழுதுகிறேன்.

தினம் காலையில் வாசலில் முப்பது, நாற்பது பேர். எல்லோருக்கும் ஒரு கடிதம் வேண்டும். இல்லை என்று சொல்ல எனக்கு வராது. அப்போதைய என் உதவியாளர்தான் வழி சொன்னார்: “எல்லாருக்கும் குடுங்க சார். நெஜமா ஆவணும்னா கையெழுத்துக்குக் கீழ ரெண்டு கோடு. இல்லன்னா வெறும் கையெழுத்து. ஆபீசருங்களுக்கு நான் சொல்லிடறேன்.” எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. வந்தவர்கள் எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். யாரும் முகம் சுளித்துப் போகவில்லை. ஐந்து வருஷமும் நல்லவன் என்ற பெயர்.

கோடு போடாத கடிதங்களில் பாராட்டு கூடுதலாக எழுதுவேன். ‘கடும் உழைப்பாளி’, ‘நற்பண்புகள் நிறைந்தவர்’, ‘தாயுள்ளத்துடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்’. கோடு போட்டவற்றில் மூன்று வரிதான்; பதிவேட்டில் அதற்கு ஒரு டிக்.

இரண்டாம் நோட்டு. கஸ்தூரி, பெருநகர், சத்துணவு அமைப்பாளர் பணி. கடைசிக் கட்டம் காலி. அதே நாள், அதே பணி, அதற்கு மேல் வரி: கட்சிக் கிளைச் செயலாளரின் மைத்துனி. டிக்.

ஒருவேளை ஞாபகப் பிசகாக இருக்கும் என்று நேற்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். பிசகு இல்லை.

மாத்திரை வாங்கவில்லை. மறதி.

நவம்பர் 12, புதன்

உயிர்வாழ் சான்றுக்குப் போனேன். விரல் ரேகை பதியவில்லை. இயந்திரத்தில் நாலு தடவை. கணினி முன்னால் இருந்த பெண் சிரித்தாள்: “உசுரோட இருக்கீங்களா சார்?” ஐந்தாம் தடவை பதிந்தது.

ஏகாம்பரம் விஷயம். இதையும் எழுதிவிட வேண்டும்.

அவர் அப்போது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். கோடு என்றால் என்ன என்று அந்த அலுவலகத்தில் தெரிந்த நாலைந்து பேரில் ஒருவர். தங்கை கொடுத்த கடிதத்தைப் பார்த்த மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்தார். கூட்டம் கலையும்வரை வேப்பமரத்தடியில் காத்திருந்துவிட்டு வந்து, மெதுவாகக் கேட்டார்:

“ஐயா, தங்கச்சி லெட்டர்ல கோடு இல்லீங்களே. மறந்துட்டீங்களோன்னு...”

மறக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். “பார்க்கலாம்” என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. கிளம்பும்போது நானாகவே கூப்பிட்டு, “ஏகாம்பரம், இந்தக் கோடு விஷயம் வெளியே போகக்கூடாது. உங்கள் தங்கைக்கும்கூட,” என்றேன்.

“போவாதுங்கய்யா.”

போகவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தெருவில் தங்கை மண் தூற்றியபோதும் வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறார்.

ஏகாம்பரம் வீட்டில் ஏதோ சண்டை, மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று அந்த நாளில் யாரோ சொன்னார்கள். என்ன சண்டை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும்.

மதியம் கஸ்தூரிக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரி: ‘கடும் உழைப்பாலும் நற்பண்பாலும் உயர்ந்த தங்களுக்கு.’ கிழித்தேன். நான்கு தடவை எழுதி நான்கையும் கிழித்தேன். நேரில்தான் போக வேண்டும்.

நவம்பர் 13, வியாழன்

மேகமூட்டம். ஏழேகால் பஸ்ஸில் பெருநகர். கண்டக்டர் என் இலவச பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முன்னாள் எம்.எல்.ஏ.வா? எந்த ஊருக்கு?”

“இந்தப் பக்கத்துக்குத்தான்.”

“நான் கேள்விப்பட்டதே இல்லியே சார்.”

“ஞாபகம் இருக்காது தம்பி. ரொம்ப நாளாகிவிட்டது.”

கஸ்தூரியின் கடை வீட்டு வாசலிலேயே. தகரக் கூரை, இரண்டு பெஞ்சு. மகன் கம்பெனி பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். அன்று கைக்குழந்தையாக இருந்தவன். மீசையில் ஒன்றிரண்டு நரை.

பெஞ்சில் இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எம்.எல்.ஏ.வே வூடு தேடி வந்துகீறாரு. எலக்சன் வந்துட்ச்சா இன்னா?”

“டேய், அவரு முன்னாளுடா.”

“அப்ப இட்லிக்குத்தான் வந்துகீறாரு. குந்துங்க சார், நகந்துக்கறேன்.”

உட்கார்ந்தேன். கஸ்தூரி கேட்காமலே நாலு இட்லி வைத்தாள். “நாஷ்டா சாப்டாம கெளம்பியிருப்பீங்க, மூஞ்சியே சொல்லுது.” நான், “அந்தக் கடிதத்தைப் பற்றி...” என்று ஆரம்பித்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடி அதை எடுத்து வந்துவிட்டாள். அண்ணனிடம் கொடுக்கும் முன்பே எடுத்த ஜெராக்ஸாம்; லேமினேட் பண்ணி வைத்திருக்கிறாள்.

சாப்பிடுகிறவர்களுக்கும் சேர்த்துப் படித்தாள். “‘இளம் வயதில் கணவரை இழந்தும் மனம் தளராத நற்பெண்மணி.’ கேட்டுக்கோங்கடா. என்னியப் பத்தி ஒர்த்தர் எய்துன ஒரே காயிதம் இதுதான். புள்ளைக்கு ஜொரம் வந்து, அடுப்பு எரியாம, செத்துடலாமான்னு இருந்தப்ப இத எட்த்துப் படிப்பேன். இவ்ளோ பெரிய மனுசன் இப்டி எய்திகீறாரே, அப்ப நம்ம நல்லவதான்னு தோணும்.”

என் கையெழுத்து. அதன் கீழே வெறும் காகிதம். அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“உங்கள் அண்ணனைப் போய்ப் பார்க்கலாமே, அம்மா,” என்றேன். இவ்வளவு தூரம் வந்து, வாயிலிருந்து வந்தது இது.

“நீங்க நல்லவரு, அப்டித்தான் சொல்லுவீங்க. அவன் பொணம் வந்தாக்கூட நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்.”

சட்னி நன்றாக இருக்கிறது என்றேன். கிளம்பும்போது ஒரு பை வேர்க்கடலை கொடுத்தாள், வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இவ்வளவு கேவலமான ஒரு பயணம் நான் போனதில்லை.

நவம்பர் 14, வெள்ளி

சாரதா கேட்டுவிட்டாள். “நாலு நாளா உப்பு சரியா இல்லன்னாகூட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க. என்ன நடந்தது?”

சொன்னேன். எல்லாவற்றையும். கோடு விஷயம் ஐம்பது வருஷம் மனைவியாகக் கூட இருந்தவளுக்கே இன்றுதான் தெரியும். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

“வாசல்ல அத்தனை பேருக்கும் நான்தானே மோர் குடுத்தேன். அவங்க கையில வெத்துக் காகிதம்னு உங்களுக்குத் தெரியும்.”

“சிலருக்கு மட்டும்தான்.”

“எத்தனை பேருக்கு?”

டிக் குறைவு, காலிக் கட்டம் அதிகம்.

உரித்த கடலையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்: “ஞாயித்துக்கிழமை மைக்குல சொல்லுங்க.”

“மைக்கிலா? தனியாகக் கூப்பிட்டு...”

“அந்தம்மா நடுத்தெருவுல நின்னு அண்ணனத் திருடன்னு கத்தியிருக்காங்க. நீங்க ரகசியமா அவங்க காதுல சொன்னா சரியாப் போச்சா? சட்டசபையிலதான் வாயத் தொறக்கல. கல்யாண மண்டபத்துலயாவது தொறங்க.”

சாயந்திரம் முருகேசன் போனில் சொன்னான், வேறு ஏதோ பேசும்போது: ஏகாம்பரத்தை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம், இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம். எத்தனை நாள் என்று சொல்லவில்லையாம். பேச்சும் போய்விட்டது. “கஸ்தூரியம்மா வாயில பட்டவன் உருப்படுவானா சார்?” என்று சிரித்தான்.

நவம்பர் 15, சனி

பலத்த மழை. மின்சாரம் இல்லை. பேசுவதற்கு ஒரு பக்கம் எழுதினேன். பெரிய எழுத்தில், பதினான்கு வரி. கண்ணாடி முன் படித்துப் பார்த்தேன். ஆறாவது வரியில் குரல் உள்ளே போய்விடுகிறது.

முருகேசன் பேனர் படம் அனுப்பினான். ‘கையெழுத்தால் கண்ணீர் துடைத்தவரே!’ சாரதா பார்த்துவிட்டு, “உங்களுக்கு இருபது வயசு கம்மி பண்ணிட்டாங்க,” என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். பி.பி. பார்த்தேன். சாதாரணமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 16, ஞாயிறு

விழா முடிந்து வந்து எழுதுகிறேன்.

எண்பது பேர் இருக்கும். மாலை, சந்தனம். நாலு பேர் பேசினார்கள். கஸ்தூரி ஐந்தாவது. எனக்குப் போர்த்த ஒரு சால்வை வாங்கி வந்திருந்தாள், மஞ்சப்பையில். அவள் பேர் சொல்லிக் கூப்பிடுவதற்குள் நான் எழுந்து மைக்கிடம் போய்விட்டேன். முருகேசன், “சார், நீங்க கடைசியில,” என்று கையைப் பிடித்தான். கையை விடுவித்துக்கொண்டேன். வாழ்நாளில் அப்படிச் செய்தது ஞாபகம் இல்லை.

பதினான்கு வரியையும் படித்தேன். கோட்டைப் பற்றி. கஸ்தூரி கடிதத்தில் கோடு போடாததைப் பற்றி. அவள் அண்ணன் கடிதத்தை மறைக்கவில்லை, நான்தான் அது செல்லாது என்று அடையாளம் வைத்து அனுப்பினேன் என்பதை. சொல்ல வேண்டாம் என்று அவரைத் தடுத்ததும் நான்தான் என்பதை.

கைதட்டினார்கள்.

முதலில் புரியவில்லை. முருகேசன் மைக்கை வாங்கிக்கொண்டு, “பாத்தீங்களா, இதுதான் எங்க சார்! எந்த முன்னாள் எம்.எல்.ஏ. மேடையேறி, நான் தப்பு பண்ணேன்னு சொல்லுவான்? இந்த அடக்கம் யாருக்கு வரும்?” என்றான். மறுபடி கைதட்டல், இன்னும் பலமாக. முன்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தட்டாதீர்கள் என்று சொன்னேன். மைக் என் கையில் இல்லை.

தட்டாதவர்கள் இரண்டு பேர். சாரதா. கஸ்தூரி.

கஸ்தூரி படியேறி என் பக்கத்தில் வந்து நின்றாள். மைக் இல்லாமல் கேட்டாள்.

“கோடு இல்லன்னா இன்னா அர்த்தம்? நேரா சொல்லுங்க.”

“வேலை கொடுக்க வேண்டாம் என்று அர்த்தம்.”

“அது எங்கண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“நான் மண்ண வாரித் தூத்தனப்பவும் தெரியுமா?”

“தெரியும்.”

“என்கிட்ட இன்னாத்துக்கு சொல்லல?”

“நான் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.”

என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையிலிருந்து பாதி வெளியே எடுத்திருந்த சால்வையை மறுபடி உள்ளே தள்ளினாள். படியிறங்கி, யாரையும் பார்க்காமல், வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனாள். மகன் பின்னாலேயே பைக் சாவியுடன் ஓடினான்.

“என்ன சார், அந்தம்மா பேசாமயே போயிடுச்சு?” என்றான் முருகேசன். சாப்பாடு வடை பாயசத்தோடு. நான் சாப்பிடவில்லை.

நவம்பர் 17, திங்கள்

வானம் வெளுத்திருந்தது. ஒன்பது மணி பஸ்ஸில் மானாம்பதி. சாரதாவும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். இந்தத் தடவை கேட்டுக்கொண்டாள்.

வீடு விசாரித்து விசாரித்துப் போனேன். ஏகாம்பரத்தின் மகள்தான் வாசலில். என்னைத் தெரிந்திருந்தது. “அத்த நேத்து மத்தியானமே வந்துட்டாங்க. நைட்டெல்லாம் இங்கதான்,” என்றாள். உள்ளே வரச் சொல்லலாமா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும் உள்ளே போகலாமா என்று தெரியவில்லை. அங்கேயே நின்றேன்.

உள்ளேயிருந்து கஸ்தூரியின் குரல்:

“தொறடா வாய. இத்தினி வருசம் மூடி வெச்சது பத்தாதா? ஊம், முயிங்கு. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னாடா? நான் இன்னா அந்தாளு வூட்டுக்குக் கல்லெட்த்துகினா போயிருப்பேன்? போயிருப்பேன்தான். சரி, முயிங்கு. அண்ணி, இவனுக்குக் கஞ்சி ஆறிப்போச்சி பாரு.”

இன்னொரு குரல், பேச்சாக இல்லை. சிரிப்பா அழுகையா என்று வாசலில் இருந்து சொல்ல முடியவில்லை.

மகள் உள்ளே போய் ஏதோ சொன்னாள். பிறகு வந்து, “வாங்க,” என்றாள்.

கட்டில் ஜன்னலோரம். ஏகாம்பரம் பாதியாகிவிட்டார். வலது பக்கம் அசைவில்லை, வாய் ஒரு பக்கம் கோணி, மார்பில் துண்டு. கஸ்தூரி பக்கத்தில் கிண்ணத்துடன். அவர் மனைவி தலைமாட்டில்.

என்னைப் பார்த்ததும் அவர் கண் பெரிதானது. இடது கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றினார். முதலில் எதற்கென்று எனக்குப் புரியவில்லை. தோள் தூக்கியது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு கால் மட்டும் தரையைத் தேடியது. அலுவலகத்துக்குள் நான் நுழைந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்களே, அது. எழுந்திருக்கப் பார்க்கிறார்.

“வேண்டாம்,” என்றேன். எனக்கே கேட்கவில்லை.

கஸ்தூரி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவர் தோளை அழுத்திப் படுக்க வைத்தாள். போர்வையைச் சரி செய்தாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

“நீ படு. இவருக்கெல்லாம் எய்ந்திருக்க வேணாம்.”

நாற்காலி ஒன்று இருந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை. அவர் கஞ்சி குடித்து முடிக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.